அதிபர் வீட்டில் இல்லை

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
பிஸ்கற் பேணி ஒன்றில் வந்து சேர்ந்தார்கள்.
மூடியில் ஆணியால் குத்திய ஏழு துளை.
"மூச்சு விடோணும் அம்மா" என்றான் தர்மிகன்.
ஒன்றுக்குப் பெயர் லொறி, ஒன்றுக்கு ரொபி.
பிடிக்கும்போது தடித்த குரலில் அதட்டியதால்
மூன்றாவது தவக்கை அதிபர்.

பின்வளவுக் கிடங்குதான் அவர்களுக்குச் சொந்த ஊர்.
பிள்ளைகள் அதைத் தவக்கைக் கிடங்கு என்கிறார்கள்.
"எல் எழுத்து மாதிரி ஏன் வெட்டினது?"
கோபிசனா ஒருமுறை கேட்டாள்.
தண்ணி நிற்கத்தான் என்றேன்.
பொய்யில்லை.
நாங்கள் அதற்குள் இருந்தபோதும்
தண்ணி நின்றது.

சோறு தின்னாது. பாண் தின்னாது.
நான் அடித்துக் கொடுத்த இலையானை
முகர்ந்தும் பார்க்கவில்லை.
அசையாத எதுவும் அதற்குச் சாப்பாடில்லையாம்,
மகள் எங்கேயோ படித்திருக்கிறாள்.
கபிலத் தத்திக்கு எதை அடிக்கலாம் என்று
கமக்காரருக்கு விளக்கம் சொல்லும் உத்தியோகம் எனக்கு.
வரம்பில் நின்று
பசுபதியண்ணையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:
"உயிரோட கொஞ்சம் எடுக்கலாமோ?"
அவர் பார்த்த பார்வையில்
நான் பத்து வருடம் படித்துச் சொன்னதெல்லாம்
ஒரே போகத்தில் எரிபந்தமானது.

முதலில் காணாமற்போனது லொறி.
அரிசி வாளி, மீற்றர் பெட்டிக்குப் பின்புறம்,
கழுவாமல் கிடந்த சட்டி,
எல்லாம் தேடினோம்.
நான்காம் நாள் நுளம்பு வலை மடிப்பு மணத்தது.
நெருப்புப்பெட்டி போதாமல் சவர்க்காரப் பெட்டியில் அடக்கம்.
தேவாரம் பாதியில் மறந்துபோக
ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்தான் தர்மிகன்.

ரொபியைத் தேடிச் சாரை வந்தது.
சாரையைத் தேடி அயலட்டை வந்தது.
பொல்லுகளோடு வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.
ரொபி
போனது போனதுதான்.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு.
"மகன்ர புத்தகப் பையிக்குள்ள..."
ரீச்சர் தொடங்கி நிறுத்தினா.
"பெயர் என்னெண்டு கேட்டனான். சொன்னவன்.
அதிபர் சேர் அப்ப பக்கத்திலதான் நிண்டவர்."

தோகாவிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எடுக்கிறவர்
என் முகத்தை இரண்டு நிமிடம் பார்ப்பார்.
"சரி, பேணியைக் காட்டு" என்பார்.
"கத்தச் சொல்லு. இஞ்ச மழையே இல்லை."
பிள்ளைகள் தட்டுவார்கள், ஊதுவார்கள்,
தாங்களே கத்திக் காட்டுவார்கள்.
அதிபர் வாய் திறக்கமாட்டார்.
பேணிக்குள் வந்தபிறகு ஒரு சொல் இல்லை.
அங்கே அவரும்
ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கராயன் குளம் வான் பாய்ந்த இரவு
ஊர் முழுக்க ஒரே தொண்டை.
கரண்ட் இல்லை.
பிள்ளைகள் நித்திரை.
அந்தச் சத்தத்துக்கு அடியில்
தகரத்தில் இன்னொரு சத்தம்,
டக், கொஞ்சம் பொறுத்து, டக்.
மூக்கால் மூடியை இடிக்கிறது.
எத்தனை எண்ணினேன் என்று நினைவில்லை.
எழும்பிப் போய்
மூடியைக் கழற்றி
பேணியைக் கதவடியில் சரித்து வைத்துவிட்டுப்
படுத்தேன்.

விடியத் தர்மிகன் வெறும் பேணியோடு வந்தான்.
"நீ மூடி இறுக்கேல்லைப் போல" என்றேன்.
அவன் அழவில்லை,
மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அழுதிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏழே முக்கால்.
மழை விட்டிருந்தது.
ஸ்கூட்டியை வாசலுக்கு உருட்டினேன்.
கதவுக்குப் பின்னால் கிடந்த தலைக்கவசத்தை
எடுத்து மாட்டி
நாடிக்குக் கீழே வாரைக் கொழுவினேன்.

உச்சியில் ஏதோ குளிர்ந்து
மெல்ல
இடம் மாறி உட்கார்ந்தது.